ரெண்டாம் பாகம் வரட்டும்

எங்கள் வீட்டில் அப்பா எதற்கும் "முடியாது" என்று சொன்னதில்லை. "ரெண்டாம் பாகம் வரட்டும், பாப்போம்" என்பார். சைக்கிள் கேட்டால் ரெண்டாம் பாகம் வரட்டும். பள்ளிக்கூடத்தில் கேமரன் மலைக்குக் கூட்டிப் போகிறார்கள், பெயர் கொடுக்கட்டுமா என்றால் ரெண்டாம் பாகம் வரட்டும். கேட்டவர் முகம் வாடுவதற்குள் அவரே சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும், நாமும் சிரித்துவிடுவோம். இப்படிச் சிரித்துச் சிரித்தே நான் எத்தனை காரியங்களைக் கோட்டைவிட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அந்தப் பேச்சு ஒரு பேய்ப் படத்திலிருந்து வந்தது. அப்போது நாங்கள் மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா டிராக்டர் ஓட்டினார், அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்து மண்டபத்தில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்து அந்தப் படத்தைப் போட்டார்கள். கல்யாணமான எட்டாம் நாளே செத்துப்போன ஒரு பெண், புருஷன் வீட்டுக்குள்ளேயே பேயாக அடைந்து கிடக்கிறாள். வாசற்படியைத் தாண்ட அவளால் முடியாது. அந்த வீட்டுக்குக் குடிவருகிறான் ஒரு பயந்தாங்கொள்ளி குமாஸ்தா. அவன் சாப்பிட உட்கார்ந்தால் இலை நகரும், படுத்தால் பாய் எழுந்து நிற்கும். கடைசியில் எப்படியோ அவன் கையாலேயே அவளுக்கு விடுதலை கிடைக்கிறது. அவள் படியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, அப்புறம் நல்ல மருமகள் மாதிரி திரும்பிப் பார்த்து "போயிட்டு வர்றேன்" என்பாள். குமாஸ்தா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு "வராத தாயி, வராத" என்று அலறுவான். திரையில் எழுத்து வரும்: விரைவில் இரண்டாம் பாகம்.

அந்த இடத்தில் அப்பா பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார். நான் பார்த்தேன். அம்மா அவரைத் தூக்கிவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் இதுதான். விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்டு "போயிட்டு வரேன்" என்றதும், அப்பா கையைத் தலைக்கு மேலே தூக்கி, அந்தக் குமாஸ்தாவின் கீச்சுக்குரலில் "வராத தாயி, வராத" என்று கத்துவார். ஆண் பெண் வித்தியாசமெல்லாம் கிடையாது, தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கும் அதே தாயிதான். ஒரு பயலும் கோபித்துக்கொண்டதில்லை. படத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

இரண்டாம் பாகம் மட்டும் வரவில்லை. ஒரு வருடம் போயிற்று, ஐந்து வருடம் போயிற்று. அந்த நடிகை நடிப்பதையே விட்டுவிட்டாள் என்றார்கள். நடக்காத எதற்கும் ஒரு பெயர் வேண்டுமே, எங்கள் வீட்டில் அதற்கு ரெண்டாம் பாகம் என்று பெயர் விழுந்துவிட்டது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாங்கள் குருபோங்கில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். அப்பா பக்கத்து ஊரான செங்கில் ஒரு பேக்டரியில் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். காவல் வேலை அவரைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. பூட்டின பிறகு பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டார். எங்கள் வாசல் கிரில்லையும் வேலைக்குப் போகும்போது வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். இன்னொரு சாவி உள்ளேயே ஆணியில் தொங்கும். தீ பிடித்தால் திறந்துகொண்டு ஓட வேண்டுமல்லவா, அதற்கு. யாராவது கேட்டால் நான் பூட்டப்பட்டிருந்தேன் என்று சொல்லவும் முடியாது. சாவி என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

அண்ணன் ஒரு நாள் ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்பா கேட்வரை வந்து "வராத தாயி" என்று கத்தினார், அவன் சிரித்துக்கொண்டே போனான். ஆண்பிள்ளைக்கு ரெண்டாம் பாகம் வரவேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது.

எனக்கு ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் விட்ட கையோடு அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி முற்றி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிற பெண் நான் ஒருத்திதான். காலையில் புண்ணைக் கழுவி மருந்து கட்டுவேன், சமைப்பேன், துணி துவைப்பேன், அப்பாவுக்குச் சோறு கட்டுவேன், மறுபடி புண்ணைப் பார்ப்பேன். "அத எடு" என்றால் எழுந்திருப்பேன். "இதக் கொண்டா" என்றால் எழுந்திருப்பேன். என் வயதுப் பெண்கள் பேக்டரி பஸ்ஸுக்காக முனையில் நின்று சிரித்துப் பேசுவது கிரில்லுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பொறாமையாக இருக்கும். அம்மா மேல் கோபம் வரும், உடனே என் மேலேயே கோபம் வரும். நான் ஒன்றும் பொறுமையின் சிகரமாக இருக்கவில்லை.

அம்மாவுக்குப் பொழுதுபோக்கு அந்தப் படம்தான். அப்பா அதன் கேசட்டைச் சொந்தமாகவே வாங்கி வைத்திருந்தார். எங்கள் டெக் பழசு. சூடானால் நடுவில் நின்றுவிடும். இடது பக்கம் உள்ளங்கையால் இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு தட்டினால் மறுபடியும் ஓடும். அப்பா கண்டுபிடித்த வைத்தியம் அது, நானும் கற்றுக்கொண்டேன். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி வசனத்தை முன்கூட்டியே சொல்வாள். படம் முடிந்து அந்த எழுத்து வந்ததும், தவறாமல் அப்பாவைப் பார்த்துக் கேட்பாள்.

"வந்துருச்சா?"

"எது?"

"ரெண்டாம் பாகம்லா."

"இன்னும் இல்ல."

வாரம் இரண்டு தடவையாவது இது நடக்கும். எனக்குச் சலித்துப்போய்விட்டது. நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன், இவளுக்கு ஒரு பேய் திரும்பி வருகிறதா இல்லையா என்பதுதான் கவலையா என்று நினைத்துக்கொள்வேன்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மருந்து கட்டும் நர்ஸ் ஒருத்தர் இருந்தார், மிஸி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் நான் கட்டின கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத யாரு கட்டுனது?" என்றார். நான்தான் என்றேன். "எங்கம்மா படிச்ச?" என்றார். எங்கும் இல்லை என்றேன். அடுத்த தடவை போனபோது பினாங்கில் துணைத் தாதிப் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரம் ஒன்றை என் கையில் கொடுத்தார். தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. அப்பாவின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

அன்றைக்கு அத்தையும் வீட்டில் இருந்தார். அப்பாவின் அக்கா, சிம்பாங் அம்பாட்டிலேயே தங்கிவிட்டவர். அம்மா கட்டிலில், அத்தை நாற்காலியில், நான் பாரத்தோடு நடுவில். அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார்.

"பினாங்கா?"

"ஆமாப்பா. மூணு வருஷம்தான்."

"ரெண்டாம் பாகம் வரட்டும். வந்த மறுநாளே நானே கொண்டுபோயி விடுறேன். போதுமா?" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் "இத்தன பேரு முன்னால சொல்லிட்டீங்க" என்றாள். அந்தப் பாரம் அலமாரியிலேயே கிடந்து காலாவதியானது.

அதற்கடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து பேசாமல் போனார்கள். அப்பா வாசலில் நின்று அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இனி இந்த ஆளை விட்டுவிட்டு எங்கே போவது என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய மறுநிமிடம், கட்டை விரலிலிருந்து கழுத்துவரை யாரோ துணி சுற்றிக் கட்டுவது போல மூச்சு முட்டியது.

அம்மா போய் ஏழாவது மாதம் இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

எனக்கு அது உடனே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சினிமாப் பக்கம் மட்டும் காணாமல் போனது. முதல் வாரம் கடைக்காரர் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தேன். நான்காவது வாரமும் இல்லை. அத்தை வந்தபோது சொல்லித்தான் தெரிந்தது. மலாக்கா தியேட்டரில் ஓடுகிறது, அதே நடிகை, அதே குமாஸ்தா, இருவருக்கும் வயதாகிவிட்டது, அத்தை பார்த்தும்விட்டார். பத்திரிகையை அப்பாதான் கிழித்திருக்கிறார். ஜாகா வேலை பார்க்கிற மனுஷர், அந்தப் படத்தை வீட்டுக்குள் விடாமல் காவல் காத்திருக்கிறார்.

நான் மிஸியிடம் புதுப் பாரம் வாங்கி, கையெழுத்தில்லாமலே அனுப்பினேன். இந்தத் தடவை இடம் கிடைத்துக் கடிதமே வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பினாங்கில் இருக்க வேண்டும், கூடவே வந்திருந்த சம்மதப் பாரத்தில் அப்பாவின் கையெழுத்தை வாங்கிக் கையோடு கொண்டு வர வேண்டும், வராவிட்டால் இடம் இன்னொருவருக்கு.

அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கடிதத்தை எடுத்து வைத்தேன்.

"ரெண்டாம் பாகம் வந்துருச்சுப்பா."

அவர் கடிதத்தைத் தொடவில்லை. "யாரு சொன்னா?"

"அத்தை பாத்துட்டாங்க."

"நான் பாக்கலையே." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "துக்க வருஷம்மா. படம் பாக்கக் கூடாது. நான் பாக்காத வரைக்கும் எனக்கு அது வரலன்னுதான் அர்த்தம்."

இதைச் சிரிக்காமல் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு காலமும் ரெண்டாம் பாகம் ஒரு விளையாட்டுப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது விளையாட்டில்லை. முதல் படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்தவர், அதே ஆட்களை மறுபடி பார்க்க மாட்டோமா என்று உள்ளுக்குள் தவித்திருப்பார். பார்த்தால் நான் போய்விடுவேன். வீடியோ கடை பாய் பிறகு என்னிடம் சொன்னார், கேசட் வந்த அன்றே அப்பா கடைக்குப் போய் அதைக் கையில் எடுத்து, அட்டைப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு யாரு வந்து கேட்டாலும் இதக் கொடுத்துராதீங்க பாய்" என்று திரும்ப வைத்துவிட்டுப் போனாராம்.

சாவியை எடுத்துக் கிரில்லைத் திறந்துகொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அவர் கையெழுத்தை நானே போட்டும் பார்த்தேன், பழைய பாரத்தின் பின்பக்கம், அச்சு அசலாக வந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவர் வாயால் போ என்று சொல்லாமல் போனால், பினாங்கில் நான் மருந்து கட்டுகிற ஒவ்வொரு புண்ணிலும் இவர் முகம்தான் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவின் முதல் திவசம் வந்தது. அத்தை இரண்டு நாள் முன்னாலேயே வந்து பட்டியல் போட ஆரம்பித்தார். படையலில் எதுவும் குறையக் கூடாது. செத்தவர் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனது ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆசை வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. உயிரோடு இருந்தபோது அம்மாவிடமிருந்து ஒளித்துவைத்த இனிப்பையெல்லாம் அத்தை வரிசையாகச் சொன்னார். கேசரி, ஜிலேபி, சிரப்பும் பாலும் ஊற்றிய பந்துங், டுரியான் பழம்.

"வேற என்ன ஆசப்பட்டா?" என்றார் அத்தை.

அப்பா குனிந்து கால் நகத்தைப் பார்த்தார்.

"நானே சொல்றேன். பாய் கடையில அந்தக் கேசட்ட எடுத்துட்டு வாங்க."

"வேணாங்க்கா."

"அவ சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தது அது ஒண்ணுதான் தம்பி. கேசரிய வச்சுட்டு அத விட்டுட்டா அவ சும்மா இருப்பாளா?"

அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். மனைவியின் ஆசையைத் தள்ள முடியாது, படத்தை வீட்டுக்குள் விடவும் முடியாது. மறுநாள் காலையில் தீர்ப்புச் சொன்னார். எங்கள் வழக்கப்படி படையல் போட்டுச் சூடம் காட்டியதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது, யாரும் பார்க்கக் கூடாது. பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். அதேபோல டிவியை அம்மாவின் போட்டோவுக்கு நேரே திருப்பி வைத்து, கேசட்டை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிடலாம்.

"அவ பாக்கட்டும்," என்றார் அப்பா. "அவ மட்டும். நாம யாரும் பாக்க வேணாம்."

டெக் நடுவில் நின்றுவிடுமே என்றேன். அதைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டதாகவும் நிற்காது என்றும் சொன்னார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா, அத்தை, ஜொகூரிலிருந்து வந்த அண்ணன், நான் நான்கு பேரும் எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே கதவு சாத்தியிருந்தது. இலை நிறையச் சாப்பாடு இருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சூடு தலையில் இறங்கியது. சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் முடிகிற காரியம், இன்றைக்கு இரண்டரை மணி நேரம். அண்ணனின் வயிறு கத்துவது எல்லாருக்கும் கேட்டது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, ஏன் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உள்ளே யார் படம் பார்ப்பது என்று மலாயில் கேட்டார். அத்தை மலாயிலேயே, "என் தம்பி பெண்டாட்டி" என்றார். அந்த அம்மா போன வருடம் எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து போனவர். சாத்தியிருந்த எங்கள் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பேயின் அந்தப் பழைய சிரிப்பு உள்ளேயிருந்து கேட்டதும் அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. குமாஸ்தாவின் குரல் கேட்டபோது, "தொண்ட கட்டிப்போச்சு அவனுக்கு" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ஏதோ பாத்திரம் உருண்டது. யாரோ ஓடினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். உள்ளே சத்தம் பட்டென்று நின்றது.

டெக் நின்றுவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. அப்பா திரும்பவில்லை. வழக்கம்போல என் பக்கம் கையை மட்டும் நீட்டி, "போயி ஒரு தட்டு தட்டிட்டு வாம்மா. கண்ண மூடிக்கிட்டுப் போ" என்றார்.

அதுவரை அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் எழுந்தவள் நான். அன்றைக்கும் கால் தானாகவே எழப் பார்த்தது. நான் நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எந்திரிக்க மாட்டேன்பா."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, நான் சொன்னது அவருக்கு விளங்கவே இல்லை. அண்ணன் எழுந்தான். "நீ உக்காருலா" என்று அத்தை அவனை அதட்டினார்.

"அவ பாதியில உக்காந்திருக்கா தம்பி," என்றார் அத்தை அப்பாவிடம். "எவ்வளவு நேரம் உக்காத்தி வைப்ப?"

"எனக்குப் பாக்க வேணாங்க்கா."

"ஒனக்காக இல்ல. ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'அண்ணி, அந்தப் படம் வந்துட்டா அவரு சொன்ன சொல்ல மாத்த மாட்டாருல்ல?' அப்டின்னு கேட்டா. அவ படத்துக்காகவா காத்துக்கிட்டுக் கெடந்தா?"

வாரம் இரண்டு தடவை "வந்துருச்சா, வந்துருச்சா" என்று அவள் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் மனசுக்குள் அவளைத் திட்டியதும் ஞாபகம் வந்தது. ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடந்தபடி அவள் எனக்காக வழி பார்த்திருக்கிறாள், நான் அவளுக்கு மருந்து கட்டுவது பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு கதவருகே போனார். மூன்று தடவை தட்டினார். "நான்தான்" என்றார். வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று அம்மாவுக்குச் சொல்கிற அதே மாதிரி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. படம் மறுபடியும் ஓடியது.

அவர் வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரம் படத்தின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அப்பாவின் சிரிப்பு கேட்டது, தோட்டத்து மண்டபத்தில் பெஞ்சிலிருந்து விழுந்தபோது கேட்ட அதே முழுச் சிரிப்பு. ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் படம் முடியும்வரை அவர் சிரிக்கவில்லை. நடுவே மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்க முயலவில்லை. அத்தை வேண்டுமென்றே அண்ணனிடம் ஜொகூரில் வீட்டு வாடகை பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தபோது அப்பாவின் கண் சிவந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றார்.

"எப்டி இருந்துச்சு?" என்றார் அத்தை.

"நல்லாவே இல்லக்கா. அவளுக்கும் புடிச்சிருக்காது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முழுசா பாத்தோம்."

அப்புறம் என்னைப் பார்த்தார். "ரெண்டாம் பாகம் வந்துருச்சும்மா. அந்தப் பாரத்தக் கொண்டா."

நான் எழுந்தேன். கேசரியில் எறும்பு ஏறியிருந்தது, டுரியான் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. அலமாரியிலிருந்து பாரத்தை எடுத்து வந்தேன். அப்பா டிவிப் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டி இன்னும் சூடாக இருந்தது. அதற்கப்புறம்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

சொன்னபடி மறுநாளே விட முடியவில்லை, நான்காம் நாள்தான் பஸ் டிக்கெட் கிடைத்தது. மலாக்கா ஆற்றோரத்துப் பழைய பஸ் நிலையத்தில், என் பையை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாரா என்று கேட்டேன். "யாரு இருக்கா பூட்டுறதுக்கு?" என்றார். அந்த ராத்திரி அவர் என்ன சாப்பிடுவார், சட்டையை யார் துவைப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பஸ் படியில் நான் நின்றேன், கீழே அவர் நின்றார். "போயிட்டு வரேன்பா" என்றேன். சொல்லிவிட்டு, அவர் கை தலைக்கு மேலே போகும், அந்தக் கீச்சுக்குரல் வரும், பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும் என்று காத்திருந்தேன்.

அவர் கை கூப்பவில்லை. படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய சொந்தக் குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வராத தாயி. அங்கயே இரு."